பீரியட்ஸுக்கு முந்தைய பத்து நாள்: கோபத்துக்கும் அழுகைக்கும் ஒரு கணக்கு

கேள்வி: வயது 31. ஒரு பெண் குழந்தை இருக்கிறாள், வேலைக்கும் போகிறேன். பீரியட்ஸ் வருவதற்குப் பத்து நாள் முன்பே ஆளே மாறிவிடுகிறேன். ஒன்றுமில்லாததற்கு அழுகை, குழந்தை தண்ணீரைக் கொட்டினால்கூடக் கத்தல், வேலையை விட்டுவிடலாம், வீட்டை விட்டே போய்விடலாம் என்ற எண்ணம். பீரியட்ஸ் வந்த இரண்டாம் நாள் எல்லாம் கலைந்துபோகிறது; 'நானா அப்படிப் பேசினேன்' என்று வெட்கமாக இருக்கிறது. சுழற்சி 34 நாள். ஹார்மோன் டெஸ்ட் எல்லாம் நார்மல். டாக்டர் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். மாமியார், 'எங்க காலத்துல இதெல்லாம் கிடையாது' என்கிறார். இதற்குத் தீர்வு உண்டா?

உண்டு. அதுவும் நன்றாகவே உண்டு. முதலில் அந்த ஹார்மோன் டெஸ்ட் விஷயம். அது நார்மலாக வந்ததில் வியப்பே இல்லை; இந்தத் தொந்தரவில் அது நார்மலாகத்தான் வரும். கருமுட்டை வெளிவந்த பிறகு சினைப்பையில் புரோஜெஸ்டிரோன் சுரக்கிறது. அதிலிருந்து உண்டாகும் அலோபிரெக்னனோலோன் என்ற பொருள் மூளையை அமைதிப்படுத்தும் காபா ஏற்பிகளில் வேலை செய்கிறது. பெரும்பாலான பெண்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் தெரியாமலே போய்விடுகிறது. சிலருடைய மூளை மட்டும் அதே அளவு மாற்றத்துக்கு எரிச்சலாலும் பதற்றத்தாலும் பதில் சொல்கிறது. 1998-இல் அமெரிக்கத் தேசிய மனநல ஆய்வு நிறுவனத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சினைப்பையின் வேலையை ஊசி போட்டு நிறுத்தியபோது, இந்தத் தொந்தரவு உள்ள பெண்களில் பலருக்கு மனநிலை சீரானது. பிறகு சாதாரண அளவில் ஹார்மோனைத் திரும்பக் கொடுத்ததும் அழுகையும் எரிச்சலும் மீண்டன. தொந்தரவு இல்லாத பெண்களுக்கு அதே ஹார்மோனை அதே அளவில் கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை. சுரப்பது சரியாகத்தான் சுரக்கிறது, அதை வாங்கிக்கொள்ளும் மூளையில்தான் வேறுபாடு என்பது அதில் தெரிந்தது. ஆகவே ஆயிரக்கணக்கில் செலவழித்து 'ஹார்மோன் ப்ரொஃபைல்' பேக்கேஜை இன்னொரு முறை எடுக்க வேண்டாம்.

வேறு சில ரத்தப் பரிசோதனைகள் தேவைதான், ஆனால் அவை வேறு நோய் இல்லை என்று உறுதிசெய்ய: ஹீமோகுளோபின், முடிந்தால் ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது), தைராய்டுக்கான டி.எஸ்.எச்., பி12. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ரத்தசோகையின் களைப்பும் சிடுசிடுப்பும் மாதம் முழுக்க இருக்கும். பீரியட்ஸுக்கு முன்பு அதுவும் சேர்ந்துகொண்டு ஆளை அடித்துப்போடும்.

மாமியாருக்கும் ஒரு பதில் இருக்கிறது. 'மாதவிடாய்க்கு முந்தைய இறுக்கம்' என்று இதை நியூயார்க் மருத்துவர் ராபர்ட் ஃபிராங்க் 1931-இலேயே எழுதிவிட்டார். அந்தக் காலத்துப் பெண்களுக்கு அடுத்தடுத்துக் கர்ப்பமும் பாலூட்டலும் இருந்ததால் கருமுட்டை வெளிவந்த மாதங்களே குறைவு. மீதி மாதங்களில் வந்த அழுகைக்கும் யாரும் பெயர் வைக்கவில்லை, 'அவளுக்குக் கோபம் ஜாஸ்தி' என்பதோடு சரி.

இனி உங்கள் கையில் இருக்கும் முதல் வேலை. ஒரு நோட்டு, ஒரு பேனா, இரண்டு மாதம். இதை மருத்துவச் சம்பிரதாயமாக நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். இந்தத் தொந்தரவுக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. எந்த நாளில் வருகிறது, எந்த நாளில் போகிறது என்பதுதான் பரிசோதனை. சிகிச்சையை எந்த நாளில் தொடங்குவது என்பதும் இதிலிருந்துதான் வரும்.

உங்களைப் படுத்துவதில் ஆறு விஷயங்களைத் தேர்ந்தெடுங்கள்: எரிச்சல், அழுகை, பதற்றம், 'எதுக்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம், தூக்கம், வயிறு உப்புசம் அல்லது மார்பு வலி. தினமும் படுக்கப்போகும் முன் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண். 1 என்றால் சுத்தமாக இல்லை. 3 என்றால் இருக்கிறது, சமாளித்துவிடலாம். 4 என்றால் வேலையிலோ வீட்டிலோ யாருக்காவது தெரியும் அளவு. 6 என்றால் உச்சம். பக்கத்தில் சுழற்சியின் எத்தனையாவது நாள் என்று எழுதுங்கள். உள்ளாடையில் லேசாகப் பட்ட கறையை முதல் நாளாகக் கணக்கிட வேண்டாம். நாப்கின் வைக்க வேண்டிய அளவு ரத்தம் வந்த நாள்தான் முதல் நாள். அன்று போட்ட மாத்திரை, தூங்கிய மணிநேரம், பெரிய சண்டை அல்லது பயணம் இருந்தால் அதையும் ஒரு வார்த்தையில் எழுதிவிடுங்கள். நகைக்கடை கொடுத்த சுவர்க் காலண்டரில் எழுதினால் வீடே படிக்கும். நோட்டோ கைபேசியோ நல்லது.

இதில் தவறு நடப்பது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுவதையும் நினைவிலிருந்து நிரப்புவது ஒன்று. நாம் கெட்ட நாளை நன்றாக நினைவில் வைத்திருப்போம், நல்ல நாளை மறந்துவிடுவோம், கணக்கு சாய்ந்துவிடும். மோசமான நாள்களில் மட்டும் எழுதிவிட்டு நன்றாக இருக்கும் நாள்களில் விட்டுவிடுவது இன்னொன்று. முக்கியமான தகவலே நல்ல நாள்களில்தான் இருக்கிறது. ஒரு நாள் மறந்துவிட்டால் கட்டத்தைக் காலியாக விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள்.

இரண்டு மாதம் ஆனதும் கணக்குப் போடலாம். பீரியட்ஸுக்கு முந்தைய 7 நாள்களின் எரிச்சல் மதிப்பெண்ணைக் கூட்டி 7-ஆல் வகுங்கள். பீரியட்ஸின் 4-ஆம் நாள் முதல் 10-ஆம் நாள் வரை அதேபோல் செய்யுங்கள். முன்வாரத்தில் 4, 5, 5, 6, 5, 4, 4 என்று வந்தால் சராசரி 4.7. பின்வாரத்தில் 2, 1, 1, 1, 2, 1, 1 என்றால் 1.3. இது தெளிவான வடிவம். முன்வாரத்தில் குறைந்தது இரண்டு நாளாவது 4 அல்லது அதற்கு மேல், பின்வாரத்தில் எந்த நாளும் 3-ஐத் தாண்டவில்லை, இப்படி ஐந்து அறிகுறிகள், அதில் ஒன்றாவது மனநிலை சார்ந்தது, இரண்டு சுழற்சியிலும் அதே கதை, வேலையோ உறவோ அதனால் பாதிக்கப்படுகிறது என்றால் மருத்துவர்கள் அதை பி.எம்.டி.டி. (மாதவிடாய்க்கு முந்தைய கடும் மனநிலைக் கோளாறு) என்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவ சங்கத்தின் நோய் வகைப்பாட்டில் 2013 முதல் அது தனி நோயாகவே இருக்கிறது. அவ்வளவு தூரம் போகாத, ஆனால் தொல்லை தரும் நிலைதான் பி.எம்.எஸ். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முதல் வகையின் பக்கம் சாய்கிறது. முடிவாகச் சொல்ல வேண்டியது நோட்டுதான்.

முன்வாரத்தில் 5.4, பின்வாரத்திலும் 3.7 என்று வந்தால்? அது வேறு. மாதம் முழுக்க மனச்சோர்வோ பதற்றமோ இருக்கிறது, பீரியட்ஸுக்கு முன் கூடுகிறது என்று பொருள். அதற்கான சிகிச்சையை மாதத்தில் பாதி நாள் மட்டும் செய்தால் போதாது. இந்த வேறுபாடு தெரியாமல்தான் பலருக்குத் தவறான மருந்து போகிறது.

ஒரு விதிவிலக்கு. செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறது, அல்லது குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்ற பயம் வருகிறது என்றால் இரண்டு மாதம் நோட்டு எழுதிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அன்றே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். இரவாக இருந்தால் இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், தமிழ்நாட்டில் 104-உம் உண்டு, இலங்கையில் 1926. 'இரண்டு நாளில் பீரியட்ஸ் வந்துவிடும், சரியாகிவிடும்' என்று உங்களுக்கே தெரிந்திருந்தாலும் பேசுங்கள். அந்த இரண்டு நாள்தான் ஆபத்தான நாள்.

நோட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே தொடங்கக்கூடியவை சில உண்டு. மருந்தில்லாத வழிகளில் ஓரளவு நல்ல ஆதாரம் உள்ளது கால்சியம். 1998-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் தினமும் 1200 மி.கி. கால்சியம் எடுத்தவர்களுக்கு மூன்றாம் சுழற்சியில் அறிகுறிகள் 48 சதவீதம் குறைந்தன. வெறும் மாவு மாத்திரை எடுத்தவர்களுக்கு 30 சதவீதம். அந்த 30-ஐயும் கவனியுங்கள். எதை எடுத்தாலும் கொஞ்சம் குறையும் என்பதுதான் அதன் பொருள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஏதோ பொடி 'கேட்டது' என்பதன் ரகசியமும் அதுதான்.

1200-ஐ முழுக்க மாத்திரையில் எடுக்க வேண்டியதில்லை. 200 மில்லி பால் ஒரு டம்ளர் ஏறக்குறைய 240 மி.கி., 50 கிராம் கேழ்வரகு மாவில் காய்ச்சிய கூழ் 170 முதல் 180, ஒரு கிண்ணம் தயிர் 120 சொச்சம். இவை மூன்றும் தினமும் உள்ளே போனால் 530 ஆகிவிட்டது. முருங்கைக்கீரையும் எள்ளும் நெத்திலியும் இன்னும் சேர்க்கும். பசலைக்கீரையில் கால்சியம் இருந்தாலும் அதிலுள்ள ஆக்சலேட் அதை உடம்பில் சேரவிடாது. மீதிக்கு ஒரு மாத்திரை போதும். அட்டையில் 'கால்சியம் கார்பனேட் 1250 மி.கி.' என்று இருந்தால் உள்ளே இருக்கும் கால்சியம் 500 மி.கி.; பெரிய எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். கார்பனேட் வகையை மதியமோ இரவோ சாப்பாட்டோடு போட வேண்டும், வெறும் வயிற்றில் சரியாகச் சேராது. ஒரு வேளைக்கு 500-க்கு மேல் போட்டாலும் பெரிதாகப் பயனில்லை. இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் இரும்பு சேராது, குறைந்தது 2 மணி நேர இடைவெளி விடுங்கள். காலையில் தைராய்டு மாத்திரை போடுபவர்கள் 4 மணி நேரம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. எல்லாவற்றையும் விட, தினமும் மூன்று மாதம் எடுக்க வேண்டும். கஷ்டமான வாரத்தில் மட்டும் நான்கு மாத்திரை போட்டுவிட்டு 'கேட்கவில்லை' என்பதுதான் வழக்கமாக நடக்கிறது.

வைட்டமின் பி6-க்கு ஆதாரம் சுமார். எடுத்துப் பார்க்க நினைத்தால் தினமும் 50 மி.கி. போதும், 100-ஐத் தாண்டவே கூடாது. நெடுநாள் அதிகம் எடுத்தால் கை கால் விரல்களில் மரத்துப்போதலும் எரிச்சலும் வரும். அப்படி வந்தால் உடனே நிறுத்துங்கள். நரம்புக்கென்று எழுதிக்கொடுக்கும் பல மாத்திரைகளில் ஏற்கெனவே பி6 இருக்கும், அட்டையைத் திருப்பிப் படித்துக் கூட்டிக்கொள்ளுங்கள். மெக்னீசியம் 200 மி.கி. சிலருக்கு உப்புசத்தைக் குறைக்கும், சிலருக்குப் பேதியாகும். மார்பு வலிக்கென்று எழுதித்தரும் ஈவ்னிங் ப்ரிம்ரோஸ் எண்ணெய் காப்ஸ்யூல் மனநிலைக்கு ஒன்றும் செய்வதில்லை, காசு மிச்சம்.

நொச்சி பற்றியும் ஒரு வார்த்தை. இணையத்தில் 'வைடெக்ஸ் பி.எம்.எஸ்-க்கு நல்லது' என்று படித்துவிட்டு நொச்சி இலையைக் கஷாயம் வைத்துக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் சோதித்தது வைடெக்ஸ் ஆக்னஸ் காஸ்டஸ் என்ற செடியின் பழத்திலிருந்து எடுத்த சாரம். அளவு நிர்ணயித்த சாரம், நாளுக்கு 20 மி.கி. நம் ஊர் நொச்சி வைடெக்ஸ் நெகுண்டோ. ஒரே குடும்பம், வேறு செடி, வேறு பாகம். ஆவி பிடிக்க நொச்சி இருக்கட்டும். அந்த ஐரோப்பிய மாத்திரையே ஆனாலும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களும் அடுத்த குழந்தைக்கு முயல்பவர்களும் எடுக்கக் கூடாது. உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் நல்ல உணவு, சாப்பிடுங்கள். மனநிலையை அவை திருப்பிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

சாப்பாட்டில் செய்ய வேண்டியது எளிது: அந்த வாரத்தில் வயிறு நீண்டநேரம் காலியாக இருக்கக் கூடாது. காலை டிபனைத் தவிர்த்துவிட்டு இரண்டு காபியில் மதியம் வரை ஓட்டுபவர்களுக்குப் பதினொன்றரை மணிக்குக் கை நடுங்கி எரிச்சல் வருவதில் ஹார்மோனுக்குப் பங்கு பாதிதான். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சுண்டல், கேழ்வரகு, சிறுதானியம் என்று கொஞ்சம் கொஞ்சமாக. சஷ்டி, வெள்ளிக்கிழமை விரதம் அந்த வாரத்தில் விழுந்தால் பால் பழத்தோடு இருங்கள், நிர்ஜலமாக வேண்டாம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ் குறைத்தால் உப்புசம் குறையும். காபி மதியம் இரண்டு மணியோடு நிறுத்துங்கள். உள்ளே போன காஃபீனில் பாதி வெளியேற ஐந்து மணி நேரம் ஆகும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் உடம்பில் நிற்கும், அவர்களுக்குக் காலைக் காபியோடு சரி.

தூக்கம் கெடுவதற்கும் காரணம் உண்டு. கருமுட்டை வெளிவந்த பிறகு உடல் வெப்பம் சுமார் 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் கூடுகிறது. புழுங்கும் ஊரில் அதுவே இரவு விழிப்பைத் தரப் போதும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன் குளியல், பருத்தித் துணி, எழும் நேரம் மட்டும் எல்லா நாளும் ஒன்றே. நடைப்பயிற்சியை வாரத்தில் ஐந்து நாள், 30 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாத வேகத்தில் வையுங்கள். மாடியில் நடந்தாலும் சரி. இதையும் நல்ல வாரத்திலேயே தொடங்க வேண்டும். கட்டிலை விட்டு எழவே மனம் வராத வாரத்தில் புதிதாக நடக்கப் போகிறேன் என்பது நடக்காத காரியம்.

இப்போது கோபத்துக்கு வருவோம். அந்த வாரத்தில் வரும் கோபம் பொய்க் கோபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாத்திரம் தேய்க்க வீட்டில் யாரும் உதவவில்லை என்பது மாதம் முழுக்க உண்மை. மூன்று வாரம் விழுங்கிவிடுகிறீர்கள், நான்காவது வாரம் விழுங்க முடியவில்லை. மாறுவது சத்தத்தின் அளவு. அதனால் இப்படிச் செய்யுங்கள்: அந்த வாரம் தோன்றும் புகாரை எல்லாம் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுங்கள், பேசாதீர்கள். பீரியட்ஸின் ஐந்தாம் நாள் திறந்து படியுங்கள். பாதி அபத்தமாகத் தெரியும், அடித்துவிடுங்கள். மீதிப் பாதி நியாயம்; அதை அன்றே, தணிந்த குரலில், கட்டாயமாகப் பேசுங்கள். பேசாமல் விட்டால் அடுத்த மாதம் அதே வெடி. வேலையை விடுவது, பிரிவது, பெரிய கடன் வாங்குவது போன்ற முடிவுகளுக்கும் இதே ஐந்தாம் நாள் விதி.

கணவரிடம் இதை நல்ல வாரத்தில் சொல்ல வேண்டும். 'எனக்கு மூட் சரியில்லாதப்போ அனுசரிச்சுக்கோங்க' என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் எதுவும் புரியாது. '18-ஆம் தேதி முதல் 26 வரை இரவு குழந்தையைத் தூங்கவைப்பது உங்கள் பொறுப்பு, அந்த வாரம் விருந்தாளியை அழைக்க வேண்டாம், நான் பத்து நிமிஷம் மாடிக்குப் போகிறேன் என்றால் பின்னால் வந்து என்னாச்சு என்று கேட்க வேண்டாம்' என்று தேதியோடு சொல்லுங்கள். சண்டைக்கு நடுவே 'என்ன, டேட் வந்துடுச்சா?' என்று கேட்பது தடை என்றும் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு கேள்வி, சொல்லவந்த நியாயத்தையும் சேர்த்து நோயாக்கிவிடுகிறது.

கத்தப்போகிறோம் என்று தெரிந்த நொடியில் இடத்தை விட்டு நகருங்கள். நான்கு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுங்கள், ஐந்து நிமிடம். விடும் மூச்சு நீளமாக இருப்பதுதான் இதயத் துடிப்பைத் தணிக்கும். குழந்தையிடம் கத்திவிட்டால் பிறகு, 'அம்மா கத்துனது தப்பு, உன் மேல தப்பில்லை' என்ற ஒரு வரி போதும். ஹார்மோன் பாடம் வேண்டாம்.

இவ்வளவும் லேசான, நடுத்தர நிலைக்குப் போதும். கணக்கில் உங்கள் சராசரி 4.7 போல வந்தால் மூன்று மாதம் கேழ்வரகு குடித்துவிட்டுத்தான் மருந்துக்குத் தகுதி என்று யாரும் சட்டம் போடவில்லை. நேராக மகப்பேறு மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ நோட்டைக் காட்டுங்கள். மனநல மருத்துவர் என்றதும் தயங்க வேண்டாம். இதற்கான முதல்நிலை மருந்தை அதிகம் கையாள்பவர் அவர்தான், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அந்தப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது.

அந்த மருந்து, மனச்சோர்வுக்கும் கொடுக்கும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை: ஃப்ளுவாக்சிட்டின் 20 மி.கி., செர்ட்ராலின் 50 மி.கி., எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. போன்றவை. 'டிப்ரஷன் மாத்திரையா, வாழ்நாள் முழுக்கப் போடணுமா' என்ற பயம் எல்லோருக்கும் வருகிறது. மனச்சோர்வுக்கு இம்மருந்து வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பீரியட்ஸுக்கு முந்தைய தொந்தரவில் சில நாள்களிலேயே பலன் தெரிகிறது. மூளையில் அலோபிரெக்னனோலோன் உருவாகும் பாதையிலும் இது கைவைக்கிறது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அதனால்தான் மாதத்தில் பாதி நாள் மட்டும் எடுக்கும் முறை சாத்தியமாகிறது. எடுப்பவர்களில் பத்துக்கு ஆறேழு பேருக்கு நல்ல முன்னேற்றம் கிடைக்கிறது.

பாதி நாள் முறையில் எல்லோரும் சறுக்கும் இடம் தேதி. '14-ஆம் நாளில் தொடங்குங்கள்' என்பது 28 நாள் சுழற்சிக்காரர்களுக்கான கணக்கு. கருமுட்டை வெளிவந்ததிலிருந்து பீரியட்ஸ் வரையிலான இடைவெளி ஏறக்குறைய 14 நாள். சுழற்சி நீண்டால் நீள்வது முன்பாதி. எனவே பின்னாலிருந்து எண்ண வேண்டும். உங்களுக்கு 34 நாள் என்றால் 34-இல் 14 போக 20-ஆம் நாள். 14-இலேயே தொடங்கினால் ஆறு நாள் வீண்; அழுகை தொடங்கிய பிறகு தொடங்கினால் முதல் இரண்டு மூன்று நாள் மருந்தில்லாமல் போகும், நோட்டைப் பார்த்து அதற்கு முந்தைய நாளே தொடங்குவது நல்லது. நிறுத்துவது பீரியட்ஸ் வந்த முதல் நாளிலா, மூன்றாம் நாளிலா என்பதையும் நோட்டுதான் சொல்லும். இரண்டாம் நாள்தான் உங்களுக்குத் தெளிகிறது என்பதால் மூன்றாம் நாள் வரை எடுக்கச் சொல்வார்கள். பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டித் தொந்தரவு) இருந்து சுழற்சி 30 நாளா 50 நாளா என்று தெரியாதவர்களுக்கு இந்த எண்ணிக்கை வேலைக்கு ஆகாது, அவர்கள் தினமும் எடுப்பதே சரி.

முதல் சில நாள் குமட்டல் வரும், சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குறையும். தூக்கம் கலைந்தால் காலையில் போடுங்கள், தூக்கக் கலக்கம் வந்தால் இரவில். தாம்பத்திய ஆர்வம் குறைவது உண்மையான பக்கவிளைவு. பாதி நாள் முறையில் அது மற்றப் பாதியில் திரும்பிவிடும். தினமும் எடுப்பவர்கள் திடீரென்று நிறுத்தக் கூடாது, தலைச்சுற்றலும் எரிச்சலும் வரும். மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது: எப்போதாவது நாள்கணக்கில் தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகம், வேகவேகமான பேச்சு, கண்டபடி செலவு என்று இருந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்காவது இருமுனைக் கோளாறு உண்டா என்பது. அப்படி இருந்தால் இந்த மருந்து மனநிலையை எதிர்ப்பக்கம் தூக்கிவிடலாம். அடுத்த குழந்தைக்கு முயல்வதையும் முன்கூட்டியே சொல்லுங்கள், மருந்தின் தேர்வு மாறும்.

இன்னொரு வழி கருமுட்டை வெளிவருவதையே நிறுத்துவது. டிராஸ்பைரினோன் 3 மி.கி., எத்தினைல் எஸ்ட்ராடியால் 20 மைக்ரோகிராம், 24 நாள் மருந்து 4 நாள் இடைவெளி என்ற கருத்தடை மாத்திரைக்கு பி.எம்.டி.டி.க்கென்று அமெரிக்காவில் 2006-இல் ஒப்புதல் கிடைத்தது. கருத்தடையும் வேண்டும் என்பவர்களுக்குப் பொருத்தம். கண்முன் மின்னல் கோடு தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி, ரத்தம் உறைந்த வரலாறு, உயர் ரத்த அழுத்தம், 35 வயதுக்கு மேல் புகைப்பழக்கம் இருந்தால் கூடாது. எல்லாக் கருத்தடை மாத்திரையும் இப்படி உதவும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். புரோஜெஸ்டிரோன் வகை மட்டும் உள்ளவை சிலருக்கு மனநிலையை இன்னும் கெடுக்கும். கல்யாணம், கோயில் திருவிழா என்று பீரியட்ஸைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் நாரெத்திஸ்டிரோன் மாத்திரையும் அந்த வகைதான். உங்களைப் போன்றவர்கள் அதை மருத்துவரைக் கேட்காமல் போட்டால், திருவிழா நாளில் கோயிலில் நிற்பீர்கள், யாரோடும் பேச முடியாத மனநிலையில் நிற்பீர்கள்.

பதற்றத்தை அடக்கும் அல்பிரசோலம் மாத்திரை எழுதிக்கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள். அன்றைக்குப் பதற்றம் அடங்கும், மாதாமாதம் போட்டால் பழக்கமாகிவிடும். 'கருப்பையை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்' என்ற யோசனை வந்தால் எழுந்து வந்துவிடலாம். ஏற்ற இறக்கம் சினைப்பையிலிருந்து வருகிறது. கருப்பையை மட்டும் எடுத்தால் ரத்தப்போக்கு நிற்கும்; மாதாந்திர அழுகை அப்படியே இருக்கும், எப்போது வரும் என்று காட்டும் அடையாளமும் போய்விடும்.

மருந்து தொடங்கிய பிறகும் நோட்டை நிறுத்தாதீர்கள். மறுமுறை மருத்துவர், 'இப்ப எப்படி இருக்கு?' என்று கேட்பார். 'பரவாயில்லை' என்று சொல்லி வருவதில் பயனில்லை. அதே 7 நாள் சராசரியைப் போட்டுக்கொண்டு போங்கள். 4.7 என்று இருந்தது 2.5 அளவுக்கு வந்திருந்தால் அளவும் தேதியும் சரி, தொடரலாம். 4-லேயே நின்றால் அளவைக் கூட்டுவதா, தினமும் எடுப்பதா, வேறு மருந்தா என்று அவர் முடிவுசெய்வார். முதல் மாதம் குறைந்து இரண்டாம் மாதம் ஏறியிருந்தால், மருந்தைக் குறைசொல்லும் முன் அந்த மாதம் 20-ஆம் நாளில் தொடங்கினீர்களா, 25-இலா என்று பாருங்கள்.